சுவர்க்கோழியின் வாயை அடைத்த பழரொட்டி

அந்தக் காலத்தில் சுவர்க்கோழி வாயால்தான் பேசிக்கொண்டிருந்தது. சுவர்க்கோழி என்றதும் முட்டையிடுகிற கோழி என்று நினைத்துவிட வேண்டாம். சுவர் இடுக்கில் ஒளிந்துகொண்டு கிர்ர் கிர்ர் என்று காதைத் துளைக்குமே, அந்தக் கறுத்த பூச்சியைத்தான் சொல்கிறேன். அப்போது எல்லாப் பிராணிகளுக்கும் பேச்சு இருந்தது. ஆடு சாப்பாட்டைப் பற்றியே புலம்பும். காகம் தன் நிறத்தைத் தானே புகழ்ந்துகொள்ளும். அதையெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் சுவர்க்கோழி வாயைத் திறந்தால் மட்டும் அடுப்பில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஏனென்றால் அது பேசுவதெல்லாம் அடுத்த வீட்டு விஷயம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது பொய் பேசாது. பொறுமைதான் அதற்குக் கிடையாது. ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே, மற்றவர் காதில் அதைப் போட்டுவிட வேண்டும் என்று கால்கள் பரபரக்கும்.

தோணிகள் வந்து போகிற ஒரு கடற்கரை ஊரில் சந்தியாகு, இன்னாசி என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். இருவரும் ஒரே தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு தூர தேசம் போகிறவர்கள். அண்ணன் மனைவி கித்தேரி, தம்பி மனைவி பவுலி. வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, நடுவில் ஒரு மண்சுவர். சுவரோடு ஒட்டி, கித்தேரி வீட்டு முற்றத்தில், குடம் கவிழ்த்தது போல ஒரு ரொட்டி அடுப்பு. அந்தச் சூட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் சுவர்க்கோழி அந்தச் சுவரின் விரிசலில் குடியேறியது. விரிசல் இந்தப் பக்கமும் திறந்திருந்தது, அந்தப் பக்கமும் திறந்திருந்தது. இப்படி ஒரு வீடு அமைந்தால் அது சும்மா இருக்குமா?

மார்கழியில் பாலன் பிறந்த திருநாளுக்கு இரண்டு பேரும் சேர்ந்து பழரொட்டி சுடுவார்கள். தோணியில் வந்த உலர்ந்த திராட்சையையும் பேரீச்சையையும் அத்தியையும் ஆய்ந்து, கருப்பட்டிப் பாகில் ஊற வைப்பது கித்தேரியின் வேலை. பவுலியிடம் ஒரு சட்டி உண்டு. தென்னங்கள்ளை விட்டுப் பிசைந்த மாவு அதில் புளித்துக்கொண்டே இருக்கும். தினமும் ஒரு பிடி மாவு போட்டு அதை உயிரோடு வைத்திருப்பாள். அந்தச் சட்டி இல்லாமல் ரொட்டி பொங்காது. சட்டி மாவைச் சேர்த்தாலும், அது பொங்கும்வரை யார் பொறுத்திருந்தார்கள்? பிசைந்த கையோடு அடுப்பில் தள்ளிவிடுவார்கள். ரொட்டி ருசியாகத்தான் இருக்கும், ஆனால் கடிப்பதற்குள் தாடை வலித்துப் போகும்.

அந்த வருடம் ஆண்கள் தோணியேறிப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. திருநாளுக்கும் சில வாரங்களே இருக்கும்போது, கித்தேரி முற்றத்தில் உட்கார்ந்து திராட்சையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மனசெல்லாம் பவுலி மேல்தான். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் பவுலிக்குக் குழந்தை இல்லை. அவள் போகாத கோவில் இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. ஆனால் இப்போது சில நாட்களாகப் பவுலி மீன் பொரிக்கும் வாடைக்கு முகத்தைச் சுளித்தாள். புளித்த மாவுச் சட்டியைத் திறந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பவுலிக்கே தெரியும் முன் கித்தேரிக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று மாதம் முடியும் முன் அந்தச் செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும்.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழியிடம் சொன்னாள்:

"இந்த வருசம் பவுலி மாவுல கை வைக்கக் கூடாது..."

அத்தோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'வயித்துல புள்ளை இருக்கும்போது அவ இடுப்பொடியப் பிசைஞ்சா ஆகுமா, நானே பிசைஞ்சிருதேன்' என்ற மீதியை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். கோழிக்கு ஒன்றும் புரியவில்லை. சுவர்க்கோழிக்கோ அந்தப் பாதியே போதுமாக இருந்தது. விரிசலின் அந்தப் பக்கத்துக்கு ஓடிவிட்டது.

மறுநாள் பவுலி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கிணற்றடியில் பார்த்தபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிப் போனாள். கித்தேரி திகைத்துப் போய் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் விரிசலில் இருந்து சுவர்க்கோழி தலையை நீட்டியது.

"பவுலி என்ன சொல்லுதா தெரியுமா? எம் மாவு இனிமே அந்த அடுப்புல வேகாதுங்கா."

கித்தேரிக்குச் சுருக்கென்றது. தங்கச்சி மாதிரி வைத்திருந்தோமே, என்ன குறை வைத்தோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் மூத்தவள் அல்லவா, சின்னவள் வாசலில் போய் நிற்க வீம்பு விடவில்லை. அந்தப் பக்கம் பவுலியும் அதே போல் அழுதுகொண்டிருந்தாள் என்பது கித்தேரிக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே பிராணி அதைச் சொல்லவில்லை. அழுகையில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அது நினைத்திருக்கும்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் கடலில் பாய் தெரிந்தது. தோணி திரும்பி வருகிறது, விடிந்தால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கலத்தில் உண்டு ஒரே பாயில் படுத்து வருகிறவர்கள். வந்து இறங்கினால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை என்று யார் சொல்வது?

ரோஷத்தோடு தனியாகவே மாவு பிசைந்தாள். ஊறிய பழத்தில் பாதியைப் போட்டாள். புளித்த மாவு ஒரு துளி கூட இல்லை. அடுப்பில் இருந்து எடுத்தபோது ரொட்டி அம்மிக்கல் மாதிரி இருந்தது. கோழிக்கு ஒரு துண்டைப் போட்டாள். கோழி ஒரு கொத்துக் கொத்திவிட்டு, "தாயே, எம் மூக்கு எனக்கு வேணும்" என்று நகர்ந்துவிட்டது.

கித்தேரி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பவுலி இல்லாமலே இந்தத் திருநாளை முடிச்சிரலாம்னு பார்த்தேன்" என்று வாய்விட்டே சொன்னாள். "முடியலையே. அவ இல்லாம எனக்கு ரொட்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், அடுப்புப் புகை சுவர் விரிசல் வழியாகக் கசிவதைக் கவனித்தாள். அதை அடைக்கலாம் என்று மிஞ்சிய மாவில் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். வெறுங்கால், கீழே கடல் மணல். காலடிச் சத்தம் கொஞ்சமும் எழவில்லை. விரிசலுக்கு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த சுவர்க்கோழிக்கு அவள் வந்து நின்றது தெரியவே இல்லை.

"கேட்டியா பவுலி? கித்தேரி இப்பச் சொல்லுதா. பவுலி இல்லாமலே இந்தத் திருநாளை முடிச்சிரலாமாம்!"

அந்தப் பக்கத்தில் இருந்து பவுலியின் குரல் உடைந்து வந்தது. "மொதல்ல மாவுல கை வைக்கக் கூடாதுன்னாங்க. இப்ப நானே வேண்டாமாக்கும். புள்ளை பெறாத கை பட்டா திருநாள் ரொட்டி விளங்காதுன்னு அக்காளும் நினைக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஊரு சொன்னதைத் தாங்கினேன். இதை எப்படித் தாங்க?"

கித்தேரியின் கையில் இருந்த மாவு நழுவி மணலில் விழுந்தது. தான் சொன்ன பாதி எப்படிப்பட்ட கத்தியாகப் போய் இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வீம்பு போன இடம் தெரியவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"ஏட்டி பவுலி!"

பவுலி சட்டென்று முகத்தைத் துடைத்தாள். "எதுக்கு வந்தீங்க? அடுப்பு வேணுமா, சட்டி வேணுமா?"

"நீதாம்ட்டி வேணும். நான் சொன்னதுல பாதியைத்தான் அந்தப் பூச்சி கொண்டாந்திருக்கு. மீதியை நான் வாயில போட்டு முழுங்கிட்டேன். சொல்லக் கூடாத சேதின்னு முழுங்கினேன்."

"என்ன பொல்லாத சேதி?"

கித்தேரி பக்கத்தில் போய் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "நீ கடைசியாத் தலைக்கு எப்பக் குளிச்ச?"

பவுலி விரலை மடக்கத் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றது. கண் அகலமாகத் திறந்தது. "யக்கா..." என்றாள். கை மெல்ல வயிற்றின் மேல் போய் அமர்ந்தது.

"அதுக்குத்தாம்ட்டி மாவுல கை வைக்கக் கூடாதுன்னேன். மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன். இனி எனக்கு அம்புட்டுப் பொறுமை இல்லை."

பவுலி கித்தேரியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நடுவில் சிரித்தாள். மறுபடியும் அழுதாள். பிறகு நிமிர்ந்து, "நான் முழுசாத்தான் சொன்னேன். எம் மாவு இனிமே அந்த அடுப்புல வேகாது, அக்கா இல்லாம எனக்கு என்ன திருநாள்னு சொன்னேன். அதை எப்படிக் கொண்டாந்துச்சு?" என்று கேட்டாள். கித்தேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் அடுப்பு முற்றத்துக்கு வந்தார்கள். கித்தேரி பிசைந்தாள். பவுலி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, "தேங்காய்ப்பால் இன்னும் கொஞ்சம், ஏலக்காய் பத்தாது" என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தே அதிகாரம் செய்தாள். மீதியிருந்த பழத்தைப் பாகோடு கொட்டி, மாவைத் தொட்டியில் உருட்டி வைத்து, ஈரத்துணி போட்டு மூடினார்கள். வழக்கம்போல உடனே அடுப்பில் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் பேசாமல் விட்ட பேச்செல்லாம் சேர்ந்து கிடந்ததே! ஒன்று முடிந்தால் இன்னொன்று. யார் வீட்டு வலை கிழிந்தது, கோவிலுக்கு யார் என்ன உடுத்தி வந்தாள், பிறப்பது ஆணானால் என்ன பேர், பெண்ணானால் என்ன பேர். மதியம் சாய்ந்து வெயில் மஞ்சளாகியது. மாவை இருவரும் அடியோடு மறந்துவிட்டார்கள்.

நினைவு வந்து துணியை எடுத்தால், மாவு தொட்டியை விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டால் பூப்போல அமுங்கி மெல்ல எழும்பியது.

"இப்படி ஒரு மாவை நான் கண்டதே இல்லைக்கா" என்றாள் பவுலி.

கண்டதே இல்லாத இன்னொன்றும் அந்த நேரம் விரிசலில் நடந்துகொண்டிருந்தது. சுவர்க்கோழி அன்று முதல் தடவையாக ஒரு சேதியை முழுசாகக் கேட்டிருந்தது. எவ்வளவு பெரிய சேதி! இத்தனை நேரம் அடக்கி வைத்ததே அதிகம். மார்பை நிமிர்த்தி, ஊர் முழுக்கக் கேட்கும்படி குரலை எடுத்தது.

"ஊராரே, கேளுங்க! நம்ம பவுலிக்கு..."

கித்தேரி யோசிக்கவே இல்லை. பொங்கி நின்ற மாவில் ஒரு கை அள்ளினாள். பாகும் பழமுமாகச் சொட்டச் சொட்ட அதை விரிசலில் ஓங்கி அப்பினாள். இனிப்பைக் கண்ட சுவர்க்கோழி திறந்த வாயை மூடாமல் கவ்வியது. மாவு உள்ளே போய்ப் பின்னும் பொங்கியது. சேதி பாதியிலேயே நின்றது.

அதன் பிறகு ரொட்டியை அடுப்பில் வைத்தார்கள். அடுப்பில் ரொட்டி வெந்தது, சுவர் சூட்டில் விரிசல் மாவும் வெந்தது. எடுத்துப் பிட்டபோது ரொட்டி பஞ்சு மாதிரி பிரிந்தது, உள்ளே திராட்சை மினுமினுத்தது. பவுலி ஒரு வாய் தின்றுவிட்டு அந்த நாட்களில் முதல் தடவையாகக் குமட்டல் இல்லாமல் இன்னொரு வாய் கேட்டாள்.

அப்போது சுவருக்குள் இருந்து மெலிதாக ஒரு அரவம் கேட்டது. கித்தேரிக்கு மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் சொன்னது பொய் இல்லையே. விரிசலில் வெந்திருந்த மாவை விரலால் பெயர்த்தாள். சுவர்க்கோழி தட்டுத் தடுமாறி வெளியே வந்தது. வாயைத் திறந்தது. ஒரு சொல் வரவில்லை. பாகு இறுகி நாக்கையே எடுத்துவிட்டிருந்தது. பயந்துபோய்ச் சிறகை உதறியது. சிறகோடு சிறகு உரசிக் கிர்ர் என்றது. திரும்பவும் உரசியது. கிர்ர்.

"சொல்லு, சொல்லு" என்று பவுலி சிரித்தாள். "இப்ப யாருக்கு என்ன விளங்கப் போகுது?"

கித்தேரி அதற்கும் ஒரு துளி ரொட்டி போட்டாள். அது தின்றுவிட்டு இருட்டுக்குள் நகர்ந்தது.

விடியற்காலையில் தோணி கரை தொட்டது. அண்ணனும் தம்பியும் வீட்டுக்கு வந்தபோது, ஒரே தட்டில் பழரொட்டி காத்திருந்தது. பவுலியின் செய்தி இன்னாசி காதுக்கு மட்டும் போனது. ஊருக்கு அது உரிய காலத்தில்தான் தெரிந்தது. ஆடியில் பெண் பிறந்தாள். பெரியம்மாவின் பேரையே வைத்தார்கள்.

அந்தத் திருநாளில் இருந்துதான், அந்தக் கரையில் பழரொட்டிக்கு மாவு பிசைந்தால் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, மனஸ்தாபம் உள்ள வீடு எதுவோ அங்கே பேசப் போகிறார்கள். பேசித் தீரும்போது மாவும் பொங்கியிருக்கும். சுவர்க்கோழி வாயை விட்டுச் சிறகால் பேசத் தொடங்கியதும் அன்றுதான். இன்றைக்கும் சுவரில் அது கத்திக்கொண்டிருக்கும்போது மெல்ல நடந்து போய்ப் பாருங்கள். கித்தேரிதான் மாவோடு வருகிறாள் என்று நினைத்து, சொல்ல வந்ததைப் பாதியிலேயே நிறுத்திவிடும்.