நாயனக்காரருக்குக் கால் எதற்கு?

"நாயனக்காரருக்குக் கால் எதுக்குன்னு கேட்டுட்டாராம்!"

குளத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னது, படித்துறையில் முகம் கழுவிக்கொண்டிருந்த திருமேனியின் காதில் விழுந்தது. தென்மல்லை அரசர் இரணசிங்கரின் சபையில் இருப்பவன் அவன். வாய் சும்மா இராது. முகத்தைத் துடைக்கவும் மறந்து அரண்மனைக்கு ஓடினான்.

விஷயம் இதுதான். கோயில் நாயனக்காரர் பெரியதம்பியின் காலில் ஒரு ரதம் ஏறிவிட்டது. இனி அவரால் நடக்க முடியாது. வீதி விபத்துகளுக்கு நஷ்டஈடு நிர்ணயிப்பவர் நியாயாதிபதி ஆவுடையப்பர். ரதத்தை ஓட்டியதோ அவருடைய மாப்பிள்ளை!

"நாயனம் வாசிக்க வாய் வேண்டும், விரல் வேண்டும். இரண்டும் சுகமாக இருக்கின்றன. தொழிலுக்கு நஷ்டமில்லை, ஆகவே ஈடும் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அரசரும் தலையாட்டிவிட்டார். பெரியதம்பி வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

திருமேனி அரசர் முன் போய் நின்றான். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மகாராஜா, பிரமாதமான தீர்ப்பு! நாளைத் திருவிழாவில் அதை அப்படியே நடத்திக் காட்ட உத்தரவு வேண்டும்."

"அதற்கென்ன, நடத்து."

"இப்போதாவது என் அறிவு உனக்குப் புரிந்ததே!" என்று அரசர் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பர் மீசையை நீவிக்கொண்டார்.

மறுநாள் காலை சாமி புறப்பட வேண்டும். கோயில் வாசலில் மெத்தை போட்ட பலகையில் பெரியதம்பி உட்கார்ந்திருந்தார். புறப்பாட்டு மல்லாரி வாசித்தார் பாருங்கள், ஊரே தலையை ஆட்டியது! ஆனால் ஊர்வலம் ஓர் அடி நகரவில்லை. தென்மல்லையில் நாயனம் முன்னால் போகும், சாமி பின்னால் வரும். நாயனத்தைத் தாண்டிச் சாமி போகக்கூடாது.

வெயில் ஏறியது. பல்லக்குச் சுமந்தவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி அலுத்தார்கள். பந்தலில் கட்டிய வாழை மரத்தை யானை தின்னத் தொடங்கியது. சாமி வீதி சுற்றித் திரும்பும்வரை அரசருக்கு விரதம். அவர் வயிறு தவிலோடு போட்டி போட்டது.

"ஏனய்யா நிற்கிறது?"

"நாயனம் நகரவில்லை, மகாராஜா" என்றான் திருமேனி.

"வேறு ஆளைக் கூப்பிடுங்கள்!" என்று கத்தினார் ஆவுடையப்பர்.

"எதற்கு? இவருக்கு வாயும் விரலும் சுகமாக இருக்கின்றனவே, ஐயா!"

"அட, உட்கார்ந்து வாசித்தால் ஊர்வலம் எப்படிப் போகும்?"

"அப்படியானால் ஊர்வலம் போவதும் இவர் தொழில்தானா?"

"பின்னே!"

"அதற்கு எது வேண்டும்?"

ஆவுடையப்பர் மீசையிலிருந்து கையை எடுத்தார். "கால்..."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நியாயாதிபதியே தீர்ப்பைத் திருத்திவிட்டார்! மாப்பிள்ளையின் ஆற்றங்கரை வயல் இனிமேல் பெரியதம்பிக்கு. அது சரி, எனக்குப் பசி காதை அடைக்கிறது. இன்றைக்கு இவருக்குக் கால் யார்?"

எல்லோரும் ஆவுடையப்பரைப் பார்த்தார்கள். அவர் யானையைப் பார்த்தார். யானை வாழை மரத்தைப் பார்த்தது.

ஆவுடையப்பர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து பெரியதம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தவிலுக்கு ஏற்ப அடி வைத்துக் கீழவீதியில் திரும்பினார்.