ஏரிப்புதூர் கேபிளின் பூட்டு

ஏரிப்புதூருக்குக் கேபிள் டிவி கொடுத்தவர்கள் அமலதாசும் அவன் மனைவி ஜெசிந்தாவும். எந்தக் கடையில் வாங்கிய செட்டாப் பாக்ஸும் அவர்கள் லைனில் படம் காட்டும். உள்ளூர்ச் சேனலில் யார் வேண்டுமானாலும் செய்தி ஓடவிடலாம். ஒளிபரப்பு அறையின் கதவைக்கூட அவர்கள் சாத்துவதில்லை.

ஒரு மழைநாளில் எவனோ அந்த அறைக்குள் புகுந்து, "ஏரி உடைந்துவிட்டது" என்று பொய்யாக ஓடவிட்டான். ஊரே அலறிக்கொண்டு பாலத்துக்கு ஓடியது. அந்த நெரிசலில் மிதிபட்டு அமலதாஸ் செத்துப்போனான்.

இனி எவனும் பொய்ச் செய்தி ஓடவிடக் கூடாதென்று ஜெசிந்தா சென்னைக் கம்பெனி ஒன்றை அழைத்தாள். அதன் என்ஜினியர் வேணுகோபன் வீடுதோறும் புதுப் பெட்டி வைத்தார். கம்பெனி அனுமதித்த சிக்னலை மட்டுமே அவை ஏற்கும். ஆபத்துக்கென்று ஒரு ரகசிய எண்ணும் கொடுத்தார்.

"இதைப் போட்டால் எல்லாப் பெட்டியும் திறந்துகொள்ளும். திரும்பப் பூட்ட நாங்கள்தான் வரவேண்டும். எங்களைக் கேட்காமல் தொடாதீர்கள்."

"என் புருஷன்மேல சத்தியம். தொட மாட்டேன்" என்றாள்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. செல்போன் கோபுரம் சாய்ந்தது; கரண்ட் மட்டும் இருந்தது. நண்பகலில் ஏரிக் காவலர் குருபரன் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார்.

"அக்கா, மதகுப் பக்கம் கரை பிளந்துடுச்சு. டிவியில போடுங்க!"

உள்ளூர்ச் சேனலில் செய்தியை அடித்துப் பார்த்தாள். கம்பெனியின் அனுமதி இல்லாததால் பெட்டிகள் ஏற்கவில்லை. கம்பெனிக்குப் போன் போகவில்லை.

"தெருத்தெருவாப் போய்ச் சொல்லுங்களேன்."

"அதுக்குள்ள தண்ணி வந்துரும்க்கா."

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தானே ஓடியாறேன்!"

மறுபடியும் அந்தப் பாலம் கண்முன் வந்தது. இது தவறான தகவல் என்றால் இன்னொருத்தி தாலி அறுப்பாள். உண்மையென்றால் ஏரிக்கு அடியில் இருக்கும் கீழத்தெருவே போய்விடும். ரகசிய எண்ணைப் போட்டாள். பிறகு கேமரா முன்னால் போய் நின்றாள்.

"நான் ஜெசிந்தா பேசுறேன். ஏரிக்கரை பிளந்திருக்கு. குருபரன் பார்த்துட்டு வந்திருக்கார். எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. பாலத்துப் பக்கம் யாரும் போகாதீங்க. குழந்தைங்க கையை விட்டுடாதீங்க."

சற்று நேரத்தில் கரை உடைந்தது. கீழத்தெரு மூழ்கியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வேணுகோபன் வந்தார். "உயிர்கள் தப்பியது சந்தோஷம். ஆனால் நீங்கள் திறந்த வழியில் நாளை எவனும் நுழைவான். உடனே பூட்டியாக வேண்டும்."

குருபரன் கொதித்தார். "சாவி சென்னையில இருந்தா அடுத்த வெள்ளத்துல நாங்க யார்கிட்டப் போறது? பூட்டே வேண்டாம்!"

ஜெசிந்தா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பூட்டச் சொல்கிறார் ஒருவர். பூட்டே வேண்டாம் என்கிறார் மற்றவர். அவளோ சத்தியத்தை மீறியவள். இம்மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: ஜெசிந்தாவின் பக்கம். சத்தியம் செய்ததே இன்னோர் உயிர் போகக்கூடாது என்பதற்காகத்தான்; அதற்காகவே மீறினாள். வேணுகோபனின் பயம் நியாயம், ஆனால் பூட்டு விழுந்த இடம் தப்பு. பொய் நுழைந்தது அறையின் வழியாக. அவர் பூட்டியது வீட்டுப் பெட்டிகளை. குருபரனின் கோபமும் நியாயம். ஆனால் பூட்டே இல்லாத ஊரில்தான் அமலதாஸ் செத்தான். ஆகவே பெட்டிகள் எந்தச் சிக்னலையும் ஏற்கட்டும், அனுப்பும் அறைக்குப் பூட்டு இருக்கட்டும், சாவி உள்ளூரிலேயே இருக்கட்டும். ஜெசிந்தா அப்படித்தான் செய்தாள். செய்தி சொல்ல வருகிறவர் எவராயினும், பெயர் சொல்லி, முகம் காட்டித்தான் இன்றைக்கும் அங்கே பேச முடியும்.