திரும்பி வந்த கொட்டான்கள்

“மூணு மாசம் ஆச்சு சார். இன்னும் எனக்கு ஒரு வேலையும் கொடுக்கலை” என்றாள் உமையாள்.

பிரிட்டோ திரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. காரைக்குடியில் பனையோலைக் கொட்டான்கள் விற்கும் அந்த நிறுவனத்தில் கணினிப் பிரிவுக்கு அவன்தான் தலைவன். உமையாளுக்கு முப்பத்தொன்பது. மூத்த பையன் கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப்பில் தானாகவே புரோகிராம் எழுதப் படித்து, இன்டர்னாக வந்து சேர்ந்தவள்.

அவள் அவனை சார் என்றாள். அவன் அவளை அக்கா என்றான்.

“நம்ம ஆப்ல எதையாவது எடுத்துடுங்கக்கா” என்றான் பிரிட்டோ.

“எதை சார்?”

“எடுத்தா யாரும் தேடக்கூடாது. அப்படி எது இருக்கோ, அதை.”

மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டான்.

சுற்றுவட்டக் கிராமங்களில் இருநூறு பெண்கள் கொட்டான் பின்னினார்கள். சாயமேற்றிய ஓலையில் உள்ளங்கை அளவு முதல் இடுப்பளவு வரை கூடைகள். பின்னி முடித்ததை அவர்கள் போனில் பதிவு செய்வதற்குத்தான் அந்த ஆப்.

உமையாள் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாமே வேண்டியதாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் பஸ் ஏறி ஒரு கிராமத்துக்குப் போய், பின்னும் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கூடையைப் பதிவு செய்யப் பதினோரு கட்டங்களை நிரப்ப வேண்டியிருந்தது. அளவையும் நிறத்தையும் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். மீதி ஒன்பதிலும் கண்ணை மூடிக்கொண்டு 1 என்று போட்டார்கள்.

ஏன் என்று கேட்டாள்.

“அது என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. ஒண்ணு போட்டா வாயை மூடிக்குது” என்றாள் ஒருத்தி.

உமையாள் திரும்பி வந்து ஒன்பது கட்டங்களையும் எடுத்துவிட்டாள்.

ஒரு வாரம் யாரும் தேடவில்லை. எட்டாம் நாள் ஒரு பெண் அலுவலகத்துக்குப் போன் செய்து, ஆப்புக்கு உடம்பு குணமாகிவிட்டதா என்று விசாரித்தாள்.

உமையாள் பிரிட்டோவிடம் ஓடினாள். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள்.

“இன்னும் ரெண்டு கட்டம் இருக்கே” என்றான் அவன்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த இரண்டையும் மூன்று நாள் முறைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் அவன் மேஜைக்கு வந்து நின்றாள்.

“இது ரெண்டும் இருக்கணும் சார். எடுக்க மாட்டேன்.”

“சரிக்கா” என்றான் பிரிட்டோ.

மறுநாள் அவளுக்குப் புது அடையாள அட்டை வந்தது. அதில் இன்டர்ன் என்ற வார்த்தை இல்லை.



மூன்று வருடங்கள் ஓடின. உமையாள் எழுதியதெல்லாம் ஓடியது. சில நாள் நின்றது. நின்றால் சரிசெய்யக் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள்.

அந்த வருடம் மதுரையில் புதிதாகத் திறக்கப்போகும் ஓர் ஓட்டல் எண்ணூறு கொட்டான்கள் கேட்டது. எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நிறுவனத்தின் முதலாளி சாத்தப்பன் கவலைப்பட்டார். எண்ணூறையும் யார் ஒவ்வொன்றாகப் பார்ப்பது?

நான் கம்ப்யூட்டரைப் பார்க்க வைக்கிறேன் என்றாள் உமையாள். நல்ல கூடைகளை ஆயிரக்கணக்கில் படமெடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு புரோகிராமைப் பழக்கினாள். கூடையைக் கேமராவின் முன் வைத்தால் போதும். சரி என்றோ வேண்டாம் என்றோ திரை சொல்லிவிடும்.

முதல் வாரம் அது, அதுவரை சேர்ந்திருந்த அறுநூறு கூடைகளைப் பார்த்தது. எழுபதை வேண்டாம் என்றது. அவற்றைச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. திரும்பிப் போன எழுபதில் அறுபத்திரண்டு, பூரணம் என்ற ஒரே பெண் பின்னியவை. இருநூறு பேரில் அவள் கைவேலைதான் நேர்த்தி என்று எல்லாரும் சொல்வார்கள். பதினாறு வருடத்தில் அவள் கூடை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அவளுடையதே ஆகாதென்றால் எங்களுடையது எப்படி ஆகும் என்று அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஓலையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஓட்டலுக்கு அனுப்ப ஒன்பது நாள் இருந்தது.

உமையாள் புரோகிராமைத் தலைகீழாகப் புரட்டினாள். பிழை அகப்படவில்லை. பிரிட்டோவைக் கூப்பிட்டாள். அவன் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரி வரியாகப் படித்தான்.

“இதுல ஒரு தப்பும் இல்லைக்கா.”

“அப்ப அந்தக் கூடைங்க?”

மேஜைமேல் பூரணத்தின் கூடை ஒன்று இருந்தது. பிரிட்டோ அதை எடுத்து அவள் மடியில் வைத்தான். திரையை அணைத்தான். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

உமையாள் மடியைப் பார்த்தாள். அணைந்த திரையைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.



பூரணத்துக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். வாசலில் அவிழ்க்காத சாக்கு கிடந்தது.

“இதைத் தள்ளினது யாரு?” என்றாள் பூரணம்.

கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடலாம். உமையாளுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

“நான்தான்” என்றாள்.

பூரணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“ஆளுதானா? மிஷினுன்னு சொன்னாங்க. அதுகிட்ட எப்படிப் பேசுறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டிருந்தேன். உக்காருங்க.”

உமையாள் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். எனக்கும் கொஞ்சம் ஓலை கொடுங்கள், பின்னிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இதற்குமுன் வேறு ஊர்களில் இரண்டு முறை முயன்றிருக்கிறாள். எதிரே இருப்பவர் கையைப் பார்த்துச் செய்தால், எல்லாம் இடம் வலமாக மாறிக் குழம்பிவிடும். பின்னுபவரின் பின்னால் போய் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்று குழம்பவில்லை. பூரணத்தின் கை எந்தப் பக்கம் போனதோ, அவள் கையும் அந்தப் பக்கமே போனது. கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுவதுபோல அத்தனை சுலபமாக இருந்தது.

நான்கு சுற்று பின்னினாள்.

சட்டென்று நிறுத்தினாள்.

“நீங்க இடது கைக்காரங்களா?”

“பொறந்ததுலேருந்து” என்றாள் பூரணம்.

உமையாள் எழுந்துபோய்ச் சாக்கை அவிழ்த்தாள். ஒரு கூடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மற்றவர்கள் விளிம்பை மடக்கினால் ஓலை வலப்பக்கம் சாயும். இதில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அவள் படமெடுத்ததெல்லாம் வேறு ஊர்க் கூடைகள். அந்த ஆயிரக்கணக்கான படங்களில் பூரணத்தின் கூடை ஒன்றுகூட இல்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே பூரணமும் சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று உமையாள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தன் தவறையும் சேர்த்தே சொன்னாள். அவர்கள் கேட்டுவிட்டுப் போய், கீழே வைத்த ஓலையை எடுத்தார்கள்.

எதிரெதிரே உட்கார்ந்தபடியே உமையாளும் பூரணமும் ஆளுக்கொரு சின்னக் கொட்டானை முடித்தார்கள்.



மறுநாள் உமையாளும் அவளுக்குக் கீழே இருந்த இரண்டு பேரும் எல்லாப் படங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப்போட்டு, அவற்றையும் சேர்த்துத் திரும்பவும் புரோகிராமைப் பழக்கினார்கள். சாயங்காலம் உமையாள் ஓட்டல்காரர்களை வீடியோவில் அழைத்து, ஐந்து கொட்டான்களை வரிசையாக வைத்து, இதில் இடது கைப் பின்னல் எது என்று கேட்டாள். அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் தவறாகச் சொன்னார்கள். எங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை, எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள் என்றார்கள்.

திங்கட்கிழமை சாத்தப்பன் எல்லாரையும் கூட்டினார். பூரணம் திருப்பிக் கொடுத்தனுப்பிய சாக்கு, அறையின் நடுவில் இருந்தது.

உமையாள் அறுபத்திரண்டு கூடைகளையும் ஒவ்வொன்றாகக் கேமராவின் முன் வைத்தாள்.

சரி. சரி. சரி.

சாத்தப்பன் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இப்ப எதை வச்சாலும் சரின்னு சொல்லுமோ?”

உமையாள் கைப்பையைத் திறந்து, ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சப்பிப்போயிருந்த ஒரு சின்னக் கொட்டானை எடுத்து வைத்தாள்.

வேண்டாம், என்றது திரை.

“இது யார் பின்னினது?” என்றார் சாத்தப்பன்.

“நான் சார்.”

முதலில் சிரித்தது சாத்தப்பன்தான். அப்புறம் அறையில் யாராலும் அடக்க முடியவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் பிரிட்டோ பக்கம் திரும்பித் தலையசைத்தார். அடுத்த வாரத்திலிருந்து டீமுக்கு உமையாள்தான் தலைவி என்றார். பிரிட்டோ ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான் என்றும் சொன்னார்.



அடுத்த திங்கட்கிழமை காலை உமையாள் தன் புது மேஜையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அறைக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை.

பிரிட்டோ தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவனைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

“இத்தனை நாள் எதுன்னாலும் உங்ககிட்ட ஓடி வந்தேன் சார். இனிமே சந்தேகம்னு வந்தா நான் யார்கிட்டப் போறது?”

பிரிட்டோ ஒரு நாற்காலியை இழுத்து, அவள் மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான்.

“இதுல ரெண்டு நாளா எனக்கு ஒண்ணும் புரியலைக்கா” என்றான்.