கரும்பலகையில் எழுதாத வார்த்தை

அருளப்பன் ஊருக்குத் திரும்புகிற அன்று காலை, லாவோஸ் நாட்டின் அந்தச் சின்ன ஆற்றங்கரை ஊரில் ஒரு கடையும் திறக்கவில்லை. பாதி ஊர் படகுத்துறையில் நின்றது. அவரை வழியனுப்ப வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆசான் வாயைத் திறக்கப் போகிறார், அதைப் பார்க்கவேண்டும் என்று வந்தவர்களே அதிகம்.

படித்த துறவியை அங்கே ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவர் குன்றின்மேல் இருந்த மடத்துக்குத் தலைவர். வயதில் அருளப்பனுக்குப் பதினைந்து வருடம் இளையவர். ஆனாலும் வந்த முதல் வாரத்திலேயே அருளப்பன் அவரை மனசுக்குள் குருவாக வைத்துக்கொண்டார். மழையில் படி வழுக்கி அருளப்பன் சேற்றில் விழுந்த அன்று, எல்லோரும் தூக்கிவிட ஓடி வந்தார்கள். ஆசான் மட்டும் மெதுவாக வந்து பக்கத்தில் தானும் சேற்றில் உட்கார்ந்துகொண்டார். அதுதான் காரணமாக இருக்கலாம்.

அருளப்பன் கோவில்பட்டியில் முப்பத்துநான்கு வருடம் இங்கிலீஷ் வாத்தியார். அவரிடம் படித்த பிள்ளைகள் பரீட்சையில் தேறினார்கள். ஆனால் கடைத்தெருவில் அவரைக் கண்டால், இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்து சந்துக்குள் நுழைந்துகொண்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சந்துகள் அவர் மனதை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டில் ஒரு வருடம் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு விளம்பரம் வந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டார். தான் கற்றுக்கொடுத்த ஒன்று, யாராவது ஒருவர் வாயில், கேட்காமலே தானாக வரவேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

மடத்துக் கூடத்தில் காலை ஏழு மணிக்கு வகுப்பு. படித்துறையிலிருந்து நூற்றுத் தொண்ணூறு படி ஏறவேண்டும். நாற்பது பேர் வந்தார்கள். படகோட்டி கம்சாய், தறி நெய்கிற பெண்கள், ஒரு போலீஸ்காரர், நூடுல்ஸ் கடை நோய். அந்த அம்மாளுக்குப் பெயரே நோய்தான். அவர்கள் மொழியில் 'சின்னவள்' என்று அர்த்தமாம். அதைச் சொல்லிக் கூப்பிட அருளப்பனுக்கு நாக்கு எழவில்லை. 'அக்கா' என்றார். அவர்களுக்கு 'ர' வராது. வாத்தியாருக்கு அவர்கள் மொழியில் 'கூ'. ஆகவே அவர் 'கூ அலுலா' ஆனார்.

கடைசி வரிசையில் ஆசான் உட்காருவார். ஒரு நாள் தவறமாட்டார். நோட்டு கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஒப்பிக்கும்போதும் உதடு அசையாது.

முதல் மாதத்திலேயே அருளப்பன் பொறுக்கமாட்டாமல், அதற்குள் பிடித்துக்கொண்ட அரைகுறை லாவோ மொழியில் கேட்டுவிட்டார்.

"ஆசானே, இங்கிலீஷில் ஒரு வார்த்தையாவது சொல்லக்கூடாதா?"

"சொல்கிறேன்."

"எப்போ?"

"நீங்கள் போகிற அன்று. நீங்கள் கற்றுக்கொடுத்ததில் எது என்னிடம் தங்கியிருக்கிறதோ, அதை."

இது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 'தேங்க் யூ' என்பார் என்று கம்சாய் ஒரு கூடை மாம்பழம் பந்தயம் வைத்தார். 'குட் பை' என்பார் என்று நோய் எதிர்ப்பந்தயம் வைத்தாள். போலீஸ்காரர், வாயையே திறக்கமாட்டார் என்று இருவருக்கும் எதிராக நின்றார்.

இரண்டாம் மாதம் இன்னொன்று நடந்தது. ஒரு நாள் நோய் சூப் பானையோடு படியேறி வந்து, பானையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, "அப்பாடா!" என்றாள்.

அருளப்பனுக்கு மயிர் கூச்செறிந்தது. அடுத்து வந்த கம்சாயும் பையைக் கீழே வைத்து "அப்பாடா!" என்றார். தறிக்காரப் பெண்களும் அப்படியே.

அன்றே கோவில்பட்டிக்குப் போன் போட்டார். அவருடைய அண்ணன் சவரிமுத்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர். உலகத்தில் எந்த மொழியைக் கொடுத்தாலும் அதற்குள் தமிழைத் தேடி எடுத்துவிடுவார்.

"அண்ணே, இங்க அப்பாடாங்கிறாங்க!"

"யாரு?"

"எல்லாரும்! சுமையை இறக்கினா அப்பாடாங்கிறாங்க."

அண்ணன் குரல் ஏறியது. "ஏற்கெனவே ஆசான்னு ஒண்ணு சொன்ன. இப்ப அப்பாடா. எலேய், நம்ம ஆளுங்க அங்க வந்து மூட்டை இறக்கியிருக்காங்கடா! ரெண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது. நான் எழுதுறேன், நீ ஒண்ணும் வெளிய சொல்லாத."

அப்படியாகச் சவரிமுத்து நாற்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ் மன்றத்தில் வாசிக்கப் போகிறார்.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, மடத்து முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஆசானிடம் அருளப்பன் போய் நின்றார்.

"ஆசானே, ஒரு வருஷத்தை அப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?"

"பெட்டி கட்டிவிட்டீர்களா?"

"இன்னும் இல்லை."

"கட்டுங்கள்."

அருளப்பன் கட்டினார். எதையும் விட மனசில்லை. சோறு அவிக்கிற மூங்கில் கூடை, தறிக்காரப் பெண்கள் தந்த துணி, நோய் தந்த காய்ந்த மிளகாய். அதோடு நிற்கவில்லை. நாற்பது பேரின் எழுத்து நோட்டுகளையும் ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அவர்களும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டி கல்லாகிவிட்டது.

போகிற அன்று காலை ஊர் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து அவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளையாகிவிட்டது. பத்து மணிக்குப் படகு. எட்டரைக்கு, மேலே மடத்திலிருந்து ஒரு துறவி இறங்கி வந்தார்.

"கடைசி வகுப்பு இருக்கிறதாம். ஆசான் உங்களை வரச் சொன்னார். பெட்டியோடு."

"பெட்டி எதுக்கு? திரும்பி இங்கதானே வரணும்?"

"பெட்டியோடு என்றுதான் சொன்னார்."

கம்சாய் ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தார். "விடுங்க கூ அலுலா, நான் தூக்குறேன்."

"அவரே தூக்கட்டும் என்றார் ஆசான்," என்று தடுத்தார் துறவி.

"இந்தப் பெட்டியையா? மேலே போறதுக்குள்ள படகு போயிடும். படகோட்டி நான் சொல்றேன்!"

"நீ இல்லாம உன் படகு எப்படிப் போகும்?" என்றாள் நோய். துறை முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் படியேற ஆரம்பித்தார்கள்.

அருளப்பன் பெட்டியைத் தோளில் ஏற்றினார். ஐம்பதாவது படியில் வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினார். நூறாவது படியில் தலைக்கு ஏற்றினார். அதற்குமேல் எண்ணவில்லை. முன்னால் போனவர்கள் கூடத்துக்குள் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் உள்ளே நுழைந்தபோது நாற்பது ஜோடிக் கண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் பெட்டியைத் தரையில் இறக்கினார்.

"அப்பாடா!"

"அப்பாடா!" என்று நாற்பது குரல் ஒன்றாகக் கேட்டது. கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. கடைசி வரிசையில் ஆசான் உதடு மட்டும் அசையவில்லை.

நோய் எழுந்து நின்றாள். "கூ அலுலா, இன்னைக்கு விட்டா கேக்க முடியாது. ஒரு வருஷமா மனசுல இருக்கு."

"கேளுங்க அக்கா."

"எல்லா வார்த்தைக்கும் ஸ்பெல்லிங் எழுதிப் போட்டீங்க. வகுப்பு ஆரம்பிக்கிற முதல் வார்த்தைக்கு மட்டும் எழுதிப் போடவே இல்லையே. அதுக்கு எத்தனை பி?"

"எந்த வார்த்தை?"

"அப்பாடா."

அருளப்பன் சிரித்தார். "அது இங்கிலீஷ் இல்லையே. உங்க வார்த்தை ஆச்சே."

கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வார்த்தையா?" என்றார் போலீஸ்காரர். "எங்ககிட்ட அப்படி ஒண்ணு கிடையாது. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? தினமும் மேலே வந்து பையை வச்சதும் முதல்ல அதைத்தானே சொல்லுவீங்க?"

"நானா?"

"இப்பக்கூடச் சொன்னீங்களே!"

கம்சாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இங்கிலீஷ் இல்லையா? ஐயோ, பத்து மாசமா படகு கரை சேர்றப்பல்லாம் வெள்ளைக்காரங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேனே!"

"அவங்க என்ன பண்ணினாங்க?"

"தலையாட்டினாங்க. ஒரு ஜெர்மன்காரம்மா திருப்பிச் சொல்லிட்டு மூட்டையை இறக்கிச்சு."

'ஐயோ'வும் எங்கிருந்து வந்தது என்று அருளப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் முகம் சுருங்கியது. ஒரு வருடம்! இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த இடத்தில் இதையா விதைத்திருக்கிறோம்? பிறகு அந்த ஜெர்மன்காரம்மாவை நினைத்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கூடமே சேர்ந்து சிரித்தது.

சட்டென்று அண்ணன் ஞாபகம் வந்தது. அங்கேயே போனை எடுத்தார்.

"அண்ணே, அந்த அப்பாடா… அது இவங்களோடது இல்லண்ணே. நான்தான் கொண்டாந்திருக்கேன். எனக்கே தெரியாம."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அண்ணே?"

"இருக்கேன்டா. இப்ப என்ன, தமிழ் அங்க போயிருக்கா இல்லையா?"

"போயிருக்கு."

"அது போதும். ரெண்டாயிரம் வருஷம்னு போட்டிருக்கேன். அதை அடிச்சிட்டு ஒரு வருஷம்னு போட்டுர்றேன்."

அவர் போனை வைத்தபோது ஆசான் எழுந்து பக்கத்தில் வந்திருந்தார்.

"அது எந்த மொழி?"

"தமிழ், ஆசானே. எங்க வீட்டு மொழி."

"இங்கிலீஷில் அதற்கு என்ன?"

அருளப்பன் முப்பத்துநான்கு வருடத்து இங்கிலீஷையும் துழாவிப் பார்த்தார். "கிடைக்கலை."

"என்ன பொருள்?"

"பொருள்னு ஒண்ணும் இல்லை. சுமையை இறக்கி வச்சதும் வாயில வர்ற சத்தம்."

"பாதிப் படியில் சொல்லலாமா?"

"சொல்லலாம். ஆனா வராது. இறக்கினாத்தான் வரும்."

ஆசான் தலையை அசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

"ஸ்பெல்லிங்!" என்றாள் நோய்.

அருளப்பன் சாக்கட்டியை எடுத்தார். ஆங்கில எழுத்தில் ஆரம்பித்து, அழித்துவிட்டு, பலகை நிறையத் தமிழிலேயே எழுதினார். அப்பாடா.

"நோட்டு எங்கே?" என்று ஒருத்தி கேட்டாள்.

எல்லா நோட்டும் பெட்டிக்குள் இருந்தன. அருளப்பன் பூட்டைத் திறந்தார். நாற்பது பேரும் பாய்ந்தார்கள். மிளகாய் ஒரு பக்கம், மூங்கில் கூடை ஒரு பக்கம், அவரவர் நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். கம்சாயின் 'டா' ஒரு படகு மாதிரி இருந்தது. அதைத் திருத்தப் போன அருளப்பன் அப்படியே விட்டுவிட்டார்.

கீழே படகின் சங்கு ஊதியது.

"என் தம்பி ஊதுறான்!" என்று கம்சாய் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். அருளப்பன் கிடைத்ததை அள்ளிப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினார். பெட்டி தக்கையாக இருந்தது. ஏன் என்று பாதிப் படியில்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். மேலே கூடம் காலியாக இருந்தது. முன்னால் ஓடுகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு ஆடிக்கொண்டு போனது.

படகில் ஏறி நின்றார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கரையில் கூட்டம் நெருக்கியடித்தது. போலீஸ்காரர் வழி விலக்கிவிட, ஆசான் கடைசிப் படியில் வந்து நின்றார். தண்ணீர் அவர் காலை நனைத்தது.

"தேங்க் யூ!" என்று எடுத்துக் கொடுத்தார் கம்சாய்.

"சும்மா இரு, அது கள்ளாட்டம்!" என்றாள் நோய்.

கயிற்றை அவிழ்த்தார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. பிறகு இரண்டு முழம்.

"ஆசானே!" என்று அருளப்பன் கத்தினார். "ஒரு வார்த்தை சொல்றேன்னீங்க. எப்படி விட்டுட்டுப் போறதுன்னு நான் கேட்டதுக்கும் பதில் சொல்லலை!"

ஆசான் கையை நீட்டி, அருளப்பன் நெஞ்சில் இருந்த பெட்டியைக் காட்டினார். பிறகு அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கினார்.

அருளப்பன் குனிந்து பார்த்தார். நூல் கட்டிய இரண்டு கைகளும் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தன.

குனிந்து அதைப் படகுப் பலகையில் வைத்தார். நிமிர்ந்து வாயைத் திறந்தார்.

அதற்குள் கரையிலிருந்து ஆசானின் குரல் வந்துவிட்டது.

"அப்பாடா."