மனிதர்தான் என்று நிரூபிக்கவும்

பார்வையற்ற மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகம் மின்னூலகம் திறந்து ஒரு மாதமாகியும், வரலாறு படிக்கும் ஆவுடையம்மாளால் ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. மனிதர்தான் என்று நிரூபிக்க, படத்தில் நெளியும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தால்தான் புத்தகம் திறக்கும். திரையை வாசித்துக்காட்டும் கணினியோ அந்த இடம் வந்ததும் "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

மின்னூலக இயக்குநர் தாமோதரனிடம் போய்ச் சொன்னாள்.

"அது பாதுகாப்பும்மா, எடுக்க முடியாது. கண்ணு தெரிஞ்ச யாரையாவது கூப்பிட்டுக்கோ. ஒரு நிமிஷ வேலை" என்றார் அவர்.

கண் தெரிந்த தோழிகளே அதில் திணறுவதை அவள் கேட்டிருக்கிறாள். மேலிடத்துக் குழு மின்னூலகத்தைப் பார்வையிட வந்த அன்று, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"சார், ஒரு நிமிஷ வேலைன்னீங்களே. நீங்களே போட்டுக் குடுங்க."

குழு முழுக்க அவரையே பார்த்தது. சிரித்தபடி உட்கார்ந்து தட்டினார். தவறு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். மூன்றாம் முறையும் தவறியதும், அறை முழுக்கக் கேட்கும்படி கணினி அறிவித்தது: "நீங்கள் மனிதர் என்று உறுதிசெய்ய முடியவில்லை."



"விடுங்க சார்" என்றாள் ஆவுடையம்மாள். "என்னையும் ஒரு மாசமா அப்படித்தான் சொல்லுது. போகப்போகப் பழகிடும்."

குழுத் தலைவிதான் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இயக்குநரைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அந்தப் படம் இல்லை. ஆவுடையம்மாள் முதல் பாடத்தைக் கேட்க ஆரம்பித்தாள்.