வெள்ளைப் பூ வேண்டிய நாச்சியாரம்மையார்

இலுப்பைக்குளம் சிவன் கோயிலில் பிராகாரம் பெருக்குவதும் நந்தவனத்துப் பூவைப் பறித்துத் தொடுப்பதும் நாச்சியாரம்மையாரின் திருத்தொண்டு. சம்பளம் என்று ஒன்று கிடையாது. உச்சிக்காலப் பூசை முடிந்ததும் தருகிற பட்டைச் சோறுதான் அவருக்கு ஒரு நாள் உணவு. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை சிந்தாமல் உண்பார்.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால், பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சன்னதிக்கு வந்துவிடுவார்கள். மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா, கட்டிக்கொடுப்பதா, எல்லாப் பாரமும் சுவாமி தலையில்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலமாகவும் வாழையிலையில் மடித்துச் சன்னதியில் வைப்பார்கள். சின்னக் குழந்தை ஒன்று எடுத்துக் கொடுப்பதே உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தப் பொட்டலம் கட்டுவதும் அம்மையார்தான். கட்டுமுன் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, "ஒனக்கு என்னம்மா ஆசை?" என்று கேட்பார். கேட்டதைச் சன்னதியில் போய் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார். பாலிடெக்னிக், பி.காம்., ராணுவம் எல்லாமே அவர் வாயில் வேறு விதமாகத்தான் வரும். டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நாச்சியாக்கா, சாமிக்கு எந்தக் காலேஜ்ல எவ்வளவு மார்க் கேக்கான்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுய்யா. அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடப்பார். அவருடைய ஒரே மகன் பள்ளி முடித்த கோடையில் ஊரைவிட்டுப் போனவன், திரும்பவே இல்லை. என்ன ஆசைப்பட்டான் என்று கேட்காமல் விட்டோமே என்ற வேதனை அம்மையாரை விட்டு அகலவில்லை. ஆனாலும் இறைவனை ஒரு நாளும் அவர் நொந்துகொண்டதில்லை.

அந்த ஆண்டு முப்பிடாதி என்ற பெண் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். அவளுக்கு நர்ஸ் படிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. மறுநாளைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். அவள் அப்பா கருத்தபாண்டியோ, வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் அத்தை மகனோடு கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

பூப் பறித்துக்கொண்டிருந்த அம்மையாரிடம் அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"பெரியம்மா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சிருங்க. யாருக்கும் தெரியாது."

அம்மையார் பூக்கூடையைக் கீழே வைத்தார். "அவனுக்குத் தெரியுமேம்மா. அவன் முன்னால பொய்ய வைக்க எங்கையால ஆகாதும்மா."

"அப்ப என்னைய என்ன பண்ணச் சொல்லுதீங்க?"

அம்மையார் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன செய்வார், பாவம்! பிறகு நந்தியாவட்டையை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து, "நாதா, வெள்ளையைக் கொடுத்துவிடு" என்று மனத்துக்குள் கதறிக்கொண்டே கொண்டுபோய் வைத்தார்.

குழந்தை எடுத்த பொட்டலத்தைக் குருக்கள் பிரித்தார். செவ்வரளி.

கருத்தபாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமியே சொல்லிட்டாரு, வா" என்று மகளை அழைத்துப் போனார். முப்பிடாதி அழவில்லை. வாசலைத் தாண்டும்போது அம்மையாரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை அம்மையாரால் தாங்க முடியவில்லை.

உத்தரவு தந்தவன் ஈசன். அவனை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வராது. மடித்துக் கொடுத்தது தம் கை. அதை மன்னிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. "உன் சித்தம் எனக்கு விளங்கவில்லை நாதா. ஆனாலும் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று சன்னதித் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உச்சிக்காலம் முடிந்து பட்டைச் சோறு வந்தது. அது அப்படியே ஆறிக் கிடந்தது.

சாப்பிட்டுவிட்டு வீட்டில் கண்ணயர்ந்த கருத்தபாண்டிக்கு ஒரு கனவு வந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது.

"ஏலே கருத்தபாண்டி, வெள்ளையா செவப்பான்னு எங்கிட்ட வந்து கேட்டியே, பெத்த மவகிட்ட ஒரு வார்த்த கேட்டியாலே?"

கருத்தபாண்டி தலை குனிந்தார்.

"இந்த ஊர்ல பிள்ளைங்ககிட்ட கேக்கறவ ஒருத்திதான். அவ என் வாசல்ல பட்டினியா கெடக்கா. அவ சாப்பிடாம எனக்கு எப்படிலே தொண்டையில எறங்கும்?"

பதறி எழுந்தவர், மகள் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். தூணில் துவண்டு கிடந்த அம்மையாரைக் கண்டதும் தடாலென்று காலில் விழுந்தார். கனவைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். "எனக்காகவா அவன் பட்டினி கிடந்தான்!" என்று அம்மையார் வாய்விட்டு அழுதார். அங்கே நின்றவர்களுக்கும் கண் கலங்கியது.

கருத்தபாண்டி எழுந்து மகள் பக்கம் திரும்பினார். பதினேழு வருடத்தில் அவர் கேட்டிராத கேள்வி, அவர் வாயில் எளிதில் வரவில்லை.

"ஒனக்கு... என்னம்மா ஆசை?"

முப்பிடாதி சொல்ல வாயெடுத்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகைதான் முதலில் வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை அவர் காத்து நின்றார்.

ஒன்றும் செய்ய இயலாதபோதும் ஈசனையும் விடாமல், பிள்ளையையும் மறவாமல் இருந்த நாச்சியாரம்மையாரின் திருவடிகளை நாமும் தலைமேல் வைத்துக்கொள்வோம்.