அறுபத்தொரு பேரின் சிபாரிசு

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே ஷகிலா பானு என்று ஒரு குரு இருந்தார். வயது இருபத்தெட்டு. பாடம் எதுவும் நடத்துவதில்லை. படிப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. சேர்ந்த முதல் நாள் வாட்ச்மேன் அவரை மாணவி என்று நினைத்துக்கொண்டு, அடையாள அட்டை மாட்டாததற்குத் திட்டித் தீர்த்துவிட்டாராம். குரு கைப்பையைத் துழாவி அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார் என்பார்கள்.

பொன்மதி சிவில் பிரிவு. கடைசிப் பரீட்சை எழுதி நான்கு நாள் ஆகியிருந்தது. பாலம் கட்டும் சென்னைக் கம்பெனி ஒன்று, இந்த வருடம் ஐந்து பேரை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஷகிலா மேடம் பெயர்களை அனுப்ப வேண்டும். கம்பெனி ஒவ்வொருவரின் புரொஃபைலையும் இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடும். சின்ன வயதில் தாமிரபரணிப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தூண்களை எண்ணியவள் பொன்மதி. அந்த ஐந்தில் ஒருத்தியாக வர அவளுக்கு அவ்வளவு ஆசை.

புதன்கிழமை காலை லேப்டாப்போடு குருவின் அறைக்குப் போனாள். கொஞ்சம் நிமிர்ந்தே போனாள். காரணம் இருந்தது.

“மேடம், என் புரொஃபைல்ல இன்னும் என்ன சேக்கணும்?”

ஷகிலா பார்த்தார். கோட்டு போட்ட படம். ‘ஆர்வமும் உழைப்பும் மிக்கவள்’ என்று தொடங்கும் அறிமுகம், போன வருட சீனியர் எழுதியது. அதற்குக் கீழே ‘தலைமைப் பண்பு’. அறுபத்தொரு பேர் ஆமாம் என்று சான்று சொல்லியிருந்தார்கள்.

வகுப்பில் மொத்தமே அறுபத்திரண்டு பேர். பொன்மதி தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது என்பதால் ஒன்று குறைந்தது.

“வகுப்புலயே எனக்குத்தான் அதிகம் மேடம். அப்பா ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காங்க.”

“நல்லது. இந்த அறுபத்தொரு பேர்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டுட்டு வா.”

“என்ன மேடம்?”

“நான் தலைமை தாங்கி நீ எப்பப் பாத்தன்னு.”

பொன்மதிக்குச் சுருக்கென்றது. காரணம் வகுப்புக்கே தெரியும். நான்கு மாதத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். பெயரே மொய் குரூப். ஒருவர் லிங்கைப் போட்டால் மற்றவர்கள் போய்ச் சான்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குள் திருப்பிச் செய்யாதவர்களைக் குரூப்பை விட்டுத் தூக்கிவிடுவார்கள். கட்டுப்பாடு என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு, வகுப்பு வருகைப் பதிவில்கூட அதைப் பார்த்ததில்லை.

ஆனாலும் குரு சொல்லிவிட்டார். கேட்கத் தொடங்கினாள்.

நீ எனக்குப் போட்டாய், நான் உனக்குப் போட்டேன் என்றார்கள் பாதிப்பேர். எல்லா பட்டனையும் வரிசையாக அழுத்திக்கொண்டே போனேன், அதில் உன்னுடையதும் இருந்திருக்கும் என்றான் ஒருத்தன். விளையாட்டு விழாவில் கொடி பிடித்து முன்னால் போனாயே என்றாள் ஒருத்தி. கொடி பிடித்துப் போனது எஸ்தர். வேறு சிலர் பயந்துபோய், எனக்குப் போட்டதை எடுத்துவிடப் போகிறாயா என்று திருப்பிக் கேட்டார்கள்.

வியாழன் மதியத்துக்குள் அறுபது பேரிடம் கேட்டு முடித்திருந்தாள். ஒரு பதிலும் தேறவில்லை. வெட்கமாக இருந்தது. அப்பாவின் ஸ்டேட்டஸை நினைக்க அதைவிட வெட்கமாக இருந்தது.

மிச்சம் இருந்தது இசக்கிராஜா. மூன்றாம் வருடம் கான்கிரீட் லேபில் அவளோடு ஒரே அணியில் இருந்தவன். ஒரு பருவம் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவனும் அவன்தான். கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தான். கேள்வியைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தான்.

“ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். அப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு.”

“எப்ப?”

“நம்ம கட்டை ஒடஞ்ச அன்னிக்கி.”

அவளுக்கு உடனே நினைவு வந்தது. எப்படி மறக்கும்? கான்கிரீட்டைக் குழைத்து, அச்சில் ஊற்றிக் கட்டையாக்கி, இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். அழுத்தக் கணக்கில் இருபதுக்குக் குறையாமல் தாங்க வேண்டிய கட்டை பதின்மூன்றிலேயே பொலபொலவென்று உடைந்தது. அதற்காக யாரும் கவலைப்படவில்லை. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டில் இருபத்தாறு என்று இருந்தது. அதைப் பார்த்து எழுதுவதுதான் அந்தக் கல்லூரியில் வழக்கம். கட்டை எங்கே உடைந்தாலும் நோட்டில் இருபத்தாறில்தான் உடையும்.

“நாங்க அஞ்சு பேரும் இருபத்தாறுன்னு எழுதிட்டோம்,” என்றான் இசக்கிராஜா. “நீ பதிமூணுன்னு எழுதுன. அதுக்குக் கீழ, தண்ணி அதிகம், ஊத்துனது நான்னு வேற எழுதுன. எங்கள ஒரு வார்த்த சொல்லல. நோட்ட மூடி வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்ட.”

“அப்புறம்?”

“என்ன அப்புறம்? ஒன் நோட்டப் பாத்துட்டு அஞ்சு பேரும் அழிச்சிட்டுப் பதிமூணுன்னு எழுதுனோம். எல்லாத்துக்கும் மார்க் போச்சு. கோவம் அடங்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு.”

பொன்மதி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் மொய் குரூப்புல கெடையாது, பாத்துக்கோ. ஒனக்கு நான் போட்டது அதுக்கு முன்னாலயே. தேதியப் பாரு.”

பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். அறுபத்தொன்றில் முதலாவது அவனுடையது. அந்தப் பருவத்தில் அவள் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண் அந்த லேபில்தான். அதனால் புரொஃபைலில் அந்தப் பாடத்தின் பெயரே வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து அறுபது சான்றுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். சீனியரின் அறிமுகத்தையும் எடுத்துவிட்டுச் சொந்தமாக எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் குருவின் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். ஷகிலா மெதுவாகப் படித்தார்.

‘மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தில் எங்கள் கான்கிரீட் கட்டை இருபது தாங்க வேண்டியது, பதின்மூன்றில் உடைந்தது. தண்ணீரை அதிகம் ஊற்றியவள் நான். பதின்மூன்று என்றே எழுதினேன். பிறகு தண்ணீரை அளந்து ஊற்றிச் சொந்த முயற்சியில் மறுபடி வார்த்தேன். இருபத்து மூன்று தாங்கியது.’

அதற்குக் கீழே, தலைமைப் பண்பு. ஒருவர்.

“மறுபடி வார்த்தியா?”

“ஆமா மேடம். மார்க்குக்கு இல்ல. சரியா வருமான்னு பாக்கணும்போல இருந்துச்சு.”

“அப்பாகிட்டச் சொன்னியா?”

சொல்லியிருந்தாள். அறுபத்தொன்று ஒன்றாகிவிட்டது என்றதும் அப்பா, அந்த ஒருத்தர் யார் என்று கேட்டாராம். கட்டை உடைந்த கதையைச் சொன்னாளாம். அதற்கு அவர், இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாய் என்று கோபித்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது பொன்மதியின் முகம் புதன்கிழமையைவிட நிமிர்ந்திருந்தது.

ஷகிலா பட்டியலைத் திறந்து முதல் வரிசையில் அவள் பெயரைச் சேர்த்தார். அனுப்பும் பட்டனை அழுத்தப்போகும் நேரத்தில் பொன்மதிக்கு மனசு கேட்கவில்லை.

“மேடம், மத்தவங்களுக்கெல்லாம் அம்பது அறுபதுன்னு இருக்கு. எனக்கு ஒண்ணுதான். அதுவும் ஒடஞ்ச கட்டையப் பத்தி. கம்பெனிக்காரங்க இத ஒத்துக்கிடுவாங்களா?”

ஷகிலா பட்டனை அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“அவங்க பாலத்தக் கட்டுறவங்க. அதுமேல பஸ்ல போறவ நான். எனக்கு இது போதும்.”